மானிப்பாய் வைத்தியசாலையும் வீட்டுப் பெட்டகங்களும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலிற் கோயிலைப் பற்றி எழுதுவர். அடுத்துக் குளத்தைப் பற்றியும், அதன் பின்னர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் எழுதுவர். வைத்தியசாலைக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குவோர் அரியர். மக்கள் அங்கே விரும்பிச் செல்வதில்லை. சென்று மீண்ட பின் அந்நாள்களை நினைவிற்கொள்ளவும் விரும்புவதில்லை. வைத்தியசாலையும் தன் பங்குக்குப் பழையனவற்றைக் கழித்துக்கொண்டே வாழ்வது. கோயில் தன் செப்பேட்டைக் காக்கிறது. பள்ளிக்கூடம் தன் வரவுப் பதிவேட்டைக் காக்கிறது. வைத்தியசாலையிலோ தூய்மையே முதல் அறம். கறைபட்ட பதிவேடு எரிக்கப்படும். துருவேறிய கத்தி எறியப்படும். உடைந்த மருந்துச் சாடி குப்பைக்குப் போகும். நோயாளருக்கு அது நன்மையே. வரலாறு எழுதுவோனுக்குத்தான் அது சங்கடம்.

இத்தகைய நிலையில் ஒரு வைத்தியசாலையின் பழைய கதையை நாம் எங்கே சென்று தேடுவது? இவ்வினாவுக்கு விடை காண யாழ்ப்பாணத்து மானிப்பாயை எடுத்துக்கொள்கிறேன். மாணவர்களாகிய நீங்கள் பலமுறை பேருந்திற் கடந்து சென்ற ஊர்தான்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திற்கு வந்தது 1816-ஆம் ஆண்டில். 1819-ஆம் ஆண்டின் இறுதியில் ஜோன் ஸ்கடர் என்னும் மருத்துவர் இலங்கையை அடைந்து, பண்டத்தரிப்பில் இருந்து நோயாளரைப் பார்க்கலானார். பிற்காலத்தில் வேலூரிலே பெரிய மருத்துவ நிலையமொன்றை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேர்த்தி. ஸ்கடர் 1836-இல் சென்னைக்குச் சென்றுவிட்டார். 1847-இல் வந்து சேர்ந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரத்தில் 1822-இல் பிறந்தவர். வந்தபோது அகவை இருபத்தைந்து. முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு மாறினார். மருந்து கொடுத்ததோடு அமையாது இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். கொழும்பிலே அரசாங்கம் மருத்துவப் பள்ளியைத் திறந்தது 1870-இல் என்பதை இவ்விடத்து நினைவிற்கொள்ளுங்கள். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது மானிப்பாய் வகுப்பு.

உடல்நலங் குன்றியமையால் 1857-இல் ஊர் திரும்பிய கிறீன், 1862-இல் மீண்டும் வந்து 1873 வரை பணி செய்தார். இந்த இரண்டாம் பருவத்திலேதான் அவர் தம் வகுப்பைத் தமிழ்மொழியில் நடத்தினார். அவரிடம் பயின்று வெளியேறிய தமிழ் மருத்துவர் 60-க்கு மேற்பட்டோர். அவரும் அவர் மாணவரும் சேர்ந்து தமிழில் ஆக்கிய மருத்துவ நூல்கள் 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டன. பிள்ளைப்பேறு பற்றிய 'பிரசவ வைத்தியம்' 1857-இல் வந்தது. அறுவை மருத்துவம் கூறும் 'இரண வைத்தியம்' 1867-இல். 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இல். இரசாயன நூலாகிய 'கெமிஸ்தம்' 1875-இல். தமிழிற் சொல் இருப்பின் அதனையே கொள்வது, இல்லையேல் வடமொழியிலிருந்து கொள்வது, அங்கும் கிடையாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு இசையத் திருத்திக்கொள்வது என்பது அவர்கள் கைக்கொண்ட முறை. 'கெமிஸ்தம்' என்ற சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அம்முறை விளங்கிவிடும். இன்று நகைப்பூட்டலாம். ஆனால் உயர்தர வகுப்பில் நாம் படிக்கும் 'இரசாயனம்' என்ற சொல் நிலைபெறுமுன் எத்தனை பேர் எத்தனை வழியாக முயன்றனர் என்பதற்கு அதுவே சான்று.

இச்செய்திகளெல்லாம் நமக்கு எவ்வாறு தெரியவந்தன? மானிப்பாயிலே தோண்டி எடுத்தவை அல்ல. பெரும்பகுதி கடிதங்களிலிருந்து தெரியவந்தவை. கிறீன் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களை அவ்வீட்டார் எறிந்துவிடவில்லை. 1884-இல் அவர் மறைந்தார். 1891-இல் எபனேசர் கட்லர் என்பவர் அக்கடிதங்களைத் தொகுத்து, வாழ்க்கை வரலாற்றோடு சேர்த்து நூலாக்கினார். குடும்ப நண்பர்களுக்காக அச்சிடப்பட்டது என்றே அதன் முகப்புக் கூறும். விற்பனைக்கென்று வந்த நூலன்று. கிறீனின் உடன்பிறந்தாருள் ஒருவர், நியூயோர்க் மாநகரத்தை ஒன்றிணைத்த பெருமைக்குரிய அந்திரு ஹஸ்வெல் கிறீன். கடதாசியைப் பேணுவதன் அருமை தெரிந்த குடும்பம் போலும். மேலும், அமெரிக்க மிஷன் தன் ஊழியர் ஆண்டுதோறும் அனுப்பிய அறிக்கைகளையும் கடிதங்களையும் கட்டிக் காத்தது. அச்சங்கத்தின் ஆவணங்கள் இன்று ஹாவர்ட் பல்கலைக்கழகத்து ஹௌற்றன் நூலகத்தில் இருக்கின்றன. ஈழத்துக் கவிஞர் அம்பி அவர்கள் 'கிறீனின் அடிச்சுவடு' என்ற நூலை 1967-இல் வெளியிட்டு, மறந்துகிடந்த பெயரைத் தமிழர்க்கு மீட்டுத் தந்தார்.

இங்கே ஒரு குறையை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். கடிதங்களிலும் அறிக்கைகளிலும் பேசுவது பெரும்பாலும் ஒரே குரல். மானிப்பாய் வைத்தியசாலையின் திண்ணையில் நோயாளியைக் கிடத்திவிட்டு நின்ற தாய் என்ன நினைத்தாள்? குளோரபோம் கொடுக்கும்போது பக்கத்தில் நின்ற மாணவன் என்ன கண்டான்? பயிற்சி முடித்து ஊருக்குச் சென்றவன் தன் திண்ணையில் எப்படி மருத்துவம் நடத்தினான்? மருத்துவர் கிறீன் எழுதிய பக்கம் எஞ்சியது, அதனை ஒருவர் பெட்டியில் வைத்துப் பின்னர் பொதுவுக்குக் கொடுத்தமையால். மற்றப் பக்கம் எஞ்சவேண்டுமாயின் அதுவும் யாரோ ஒருவர் கொடுத்தால்தான் உண்டு. அந்த யாரோ ஒருவர் வூஸ்ரரில் இல்லை. சண்டிலிப்பாயிலும் சுதுமலையிலும் உடுவிலிலும், இக்காலத்தில் ஒருவேளை தொறன்ரோவிலும் இருக்கிறார்.

மன்னர் மாளிகையாயின் இந்தக் கவலை இல்லை. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் 1832-இல் மறைந்தவர். அவர் காலத்தில் அங்கே மருத்துவம் பெற்ற கண்ணோயாளர் 44 பேரைப் பற்றிய குறிப்புகள், கண்ணின் வண்ணப் படங்களோடு, சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அரசன் நூலகத்துக்குள் கிடந்தமையால் அவை பிழைத்தன. கிராமத்து வைத்தியசாலைக்கு அரசனும் இல்லை, மகாலும் இல்லை. அதன் நூலகம் ஊரார் வீட்டு அலுமாரிகளே.

அந்த அலுமாரிகளுக்கும் நம் நாட்டில் நேர்ந்த கதியை நீங்கள் அறிவீர்கள். 1933-இல் க. மு. செல்லப்பா என்பவர் தம்மிடமிருந்த நூல்களைக் கொண்டு தொடங்கிய சிறு முயற்சியே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. கொடையிற் பிறந்த நூலகம் அது. 1981-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் இரவு தொடங்கிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பின்னர் 1995 ஒக்டோபர் மாத முடிவில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் வெளியேற நேர்ந்தபோது வீட்டு அலுமாரிகளும் திறந்தபடி கிடந்தன. கையிற் கொண்டு போனது, பிள்ளையும் அரிசியும் காணி உறுதியும். கறையானுக்கும் மழைக்கும் எஞ்சியதையே நாம் இன்று வரலாறு என்கிறோம்.

நான் ஆசிரியனாயிருந்த காலத்திலே, 1990-களின் தொடக்கத்தில், பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்காக வீட்டிலுள்ள பழம்பொருள்களைக் கொண்டுவருமாறு மாணவரைக் கேட்பது வழக்கம். பெரும்பாலும் பாக்குவெட்டியும் பித்தளைச் செம்பும் வரும். ஓராண்டு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அட்டை இழந்த தடித்த புத்தகமொன்றைச் சீலையிற் சுற்றிக் கொண்டுவந்தான். 'மனுஷ அங்காதிபாதம்'. அவனுடைய பூட்டனார் ஒருவர் வைத்தியராம். அந்நூலின் ஓரங்களில் பென்சிலால் எழுதிய குறிப்புகள் இருந்தன. நூலிற் காணும் கலைச்சொல்லுக்கு எதிரே ஊரார் வழங்கும் சொல்லை அவர் எழுதி வைத்திருந்தார்: இடுப்பெலும்பின் படத்தருகே 'நாரி' என்றும், முழங்காலின் படத்தருகே 'சிரட்டை' என்றும். நோயாளி வந்து, "தம்பி, நாரி பிடிச்சுப் போட்டுது" என்று சொல்வாளேயன்றி நூற்சொல்லையா சொல்வாள்? கற்ற சொல்லுக்கும் கேட்ட சொல்லுக்கும் இடையே அவர் பாலம் கட்டிய இடம் அந்த ஓரம். கிறீனின் கடிதங்கள் எவற்றிலும் நான் காணாத மானிப்பாயை அங்கே கண்டேன்.

கண்காட்சி முடிந்ததும் புத்தகம் வீட்டுக்குச் சென்றது. அது அவர்களுடைய பொருள், அதுதான் முறை. 1995-இல் அக்குடும்பம் தென்மராட்சிக்குச் சென்று, மாதங்கள் கழித்துத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, புத்தகமும் இல்லை. எஞ்சியது ஒன்று. கண்காட்சியிலே புத்தகத்துக்கு முன்னால் வைப்பதற்காக, அந்த மாணவன் ஓரக்குறிப்புகளில் ஏழு வரிகளைத் தன் கொப்பித்தாளில் பார்த்தெழுதியிருந்தான். அத்தாள் ஏனைய விளக்கத் தாள்களோடு என்னிடம் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையெழுத்து. இரண்டு இடங்களில் எழுத்துப்பிழை. நூற்றாண்டு கடந்த ஒரு மருத்துவரின் அறிவில் இவ்வுலகில் எஞ்சியது அந்த ஏழு வரிகளே.

ஆகையால், பொருளைக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லும்போது அதைப் பற்றிய செய்தியைக் கொடுப்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு பித்தளைக் குழியம்மி வைத்தியசாலைக்கு வருகிறது என்று கொள்வோம். வெறுங் குழியம்மியாக வந்தால் அது கடையிற் கிடைக்கும் குழியம்மி. 'இது என் பாட்டனாருடையது. அவர் இன்ன ஆண்டுவரை இன்ன ஊரில் மருந்து கலந்தவர். இதை எனக்குத் தந்தவர் என் பெரியம்மா' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கட்டிக் கொடுத்தால், அப்போதுதான் அது ஆவணமாகிறது. சொன்னவர் பெயர், எழுதியவர் பெயர், எழுதிய நாள் மூன்றும் அதில் இருக்கவேண்டும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே எழுதவேண்டும். அழகுக்காக ஒரு நூற்றாண்டைக் கூட்டிவிடும் பழக்கம் நம்மவரிடம் சற்று மிகுதி.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. பழம்பொருளைக் கொடுக்குமுன் அதைப் புளிபோட்டுத் துலக்கிவிடுவோம். விருந்தினர் முன் வைக்கும் செம்புக்கு அது பொருந்தும். மருத்துவக் கருவியின் பிடியிலுள்ள தேய்வும், புட்டியின் அடியில் உறைந்த மருந்தின் கறையும், சாடியின்மேல் அரையும் குறையுமாய் எஞ்சிய பெயர்த்தாளும் பேசுவன. துலக்கினால் அவை வாய்மூடிவிடும். கிழிந்த தாளை ஒட்டும் நாடாவால் ஒட்டுவதும் தீங்கே. சில ஆண்டுகளில் அப்பசை பழுப்பேறித் தாளையே தின்றுவிடும். மைப்பேனாவால் அடையாளம் இடாதீர்கள். மெல்லிய பென்சில் போதும். இராமபாணப் பூச்சிக்கும் ஈரத்துக்கும் எட்டாத இடமும், உரல்போற் கனக்காத பெட்டியும் இருந்தால், விலையுயர்ந்த ஏற்பாடு எதுவுமின்றியே கடதாசி நெடுநாள் வாழும்.

எவற்றைக் கொடுக்கலாம் என்று மாணவர் கேட்பதுண்டு. பெரிய பொருளைத் தேடி அலையவேண்டாம். பாட்டி பத்திரமாக வைத்திருக்கும் பிள்ளைப்பேற்றுத் துண்டு, தாதிப் பயிற்சி முடித்த அத்தையின் சான்றிதழ், வாட்டிலே எடுத்த குழுப்படம், மருந்துக்குக் கொடுத்த பணத்தின் பற்றுச்சீட்டு, பயிற்சிக் காலத்துக் கொப்பி ஆகியவற்றுக்குத்தான் பதிலி கிடையாது. அச்சிட்ட நூலுக்கு உலகில் எங்கேனும் இன்னொரு படி இருக்கும். குழுப்படமாயின் அதில் நிற்பவர் பெயர்களை இடப்புறமிருந்து வரிசையாக இன்றைக்கே எழுதிவிடுங்கள். மூன்றாம் வரிசையில் நிற்கும் மருத்துவிச்சியின் பெயர் தெரிந்த கடைசி மனிதர் உங்கள் வீட்டு முற்றத்திலே சாய்மனைக் கதிரையில் இருக்கக்கூடும்.

கிறீனின் வைத்தியசாலைக்கு வெளியே நின்ற மருத்துவத்தையும் மறத்தல் ஆகாது. பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் யாழ்ப்பாணத்து மருத்துவ நூல்கள் பரம்பரை வைத்தியர் வீடுகளில் ஏட்டுச்சுவடிகளாகவே வாழ்ந்தவை. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையா அவர்கள் கடந்த நூற்றாண்டில் அச்சேற்றினார். சுவடி வைத்திருந்தோர் கொடாதிருந்தால் பதிப்பு ஏது? பரியாரியார் வீட்டு ஏட்டையும் அப்போதிக்கரி வீட்டுப் பதிவேட்டையும் ஒரே அறையில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. நோயாளர் இரண்டு வீட்டுக்கும் போனவர்தாமே! காலையில் ஒருவரிடம் குளிகை, மாலையில் மற்றவரிடம் கசாயம்; இருவரிடமும் உண்மையைச் சொன்னதில்லை.

ஒரு பொருள்பற்றி மாத்திரம் கடுமையாகப் பேசவேண்டும். நோயாளர் பதிவேடுகள் வரலாற்றுக்குப் பொன் போன்றவை. கொள்ளைநோய் எந்த ஊரில் முதலில் வந்தது, எந்த மாதத்தில் மிகுந்தது, எத்தனை குழந்தைகள் பிழைத்தன என்பன அவற்றிலேயே தெரியும். ஆனால் அவற்றில் மனிதர் பெயர்களும் உண்டு. தொழுநோய் என்றும் மனநோய் என்றும் பெயருக்கு நேரே எழுதியிருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே ஊரில் வாழ்கிறார்கள், திருமணம் பேசுகிறார்கள். தன் நோயை மருத்துவரிடம் சொன்னவர் ஊரிடம் சொல்லவில்லை. ஆதலால் அத்தகைய ஏடுகளைப் பெறும் நிலையம் அவற்றைப் பூட்டி வைக்கவும், நீண்ட கால எல்லை ஒன்றை எழுத்தில் வகுக்கவும், ஆராய்வோர்க்குப் பெயர் மறைத்தே காட்டவும் கடமைப்பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்து வைத்து வருவோர்க்கெல்லாம் காட்டுவது வரலாற்றுப் பணியன்று. கொடுப்போரும் இதனைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டே கொடுத்தல் வேண்டும்.

மின்னுருவிற் படியெடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். 2005 முதல் 'நூலகம்' என்னும் தமிழ் எண்ணிம முயற்சி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து உலகெங்கும் எட்டச் செய்திருக்கிறது. 1981-க்கு முன் அது இருந்திருந்தால் என்று எண்ணாத நாள் இல்லை. எரிக்கமுடியாத படி ஒன்று வேறோரிடத்தில் இருப்பது பெரும் பாதுகாப்பு. ஆயினும் முதலிற் படியெடுக்க ஒரு தாள் வேண்டும். அத்தாள் வீட்டுப் பெட்டகத்திலிருந்து வெளியே வரவேண்டும். எந்தப் பொறியும் அதை உங்கள் பாட்டியிடம் கேட்டு வாங்கித் தராது.

கேட்கவேண்டியவற்றுள் எனக்கு மிக விருப்பமானது பெயர்கள். அமெரிக்க மிஷன் பள்ளிகளிற் சேர்ந்த பிள்ளைகளுக்கு, கடல்கடந்து பொருளுதவிய அன்பர்களின் பெயர்களை இடுவது அக்காலத்து வழக்கம். 'சதாசிவம்பிள்ளை' ஆர்னல்ட் ஆனார். 'சிதம்பரப்பிள்ளை' நெவின்ஸ் ஆனார். 'விசுவநாதபிள்ளை' கறோல் ஆனார். இவர்கள் தமிழ்ப் புலமையாற் பெயர்பெற்றமையால் இரு பெயரும் நமக்குத் தெரியும். கிறீனின் மாணவரிடையேயும் டான்போர்த், சாப்மன் என்று பெயர்கள் வருகின்றன. மருத்துவ நூல்களைத் தமிழாக்க உழைத்த கைகள் அவர்களுடையவை. தம் மாணவர் வேட்டியும் சால்வையும் அணிந்த தமிழராகவே இருக்கவேண்டும் என்று விரும்பியவர் கிறீன். ஆனாற் பதிவேட்டை மட்டும் படிக்கும் ஒருவன் மானிப்பாய் முழுவதும் அமெரிக்கர் நிறைந்திருந்தனர் என்றே எண்ணுவான். கிறீன் தம் கல்லறையிலே 'தமிழர்க்கு மருத்துவ ஊழியர்' என்ற பொருள்படும் தொடரைப் பொறிக்கச் செய்தார். வூஸ்ரர் கல்லறையில் தமிழர் என்ற பெயர் இருக்கிறது. மானிப்பாய்ப் பதிவேட்டில் இல்லை.

வீட்டிலே வழங்கிய பெயரை வீடுதான் சொல்லும். இதற்காக ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் மருத்துவ மாணவரின் பதிவேட்டுப் பெயர். வலப்பக்கத்தில் தாய் அழைத்த பெயர். வலப்பக்கத்தில் வெற்றிடங்களே மிகுதி. சென்ற ஆண்டு ஒரு மூதாட்டியார் பழைய காணி உறுதி ஒன்றை எடுத்துக் காட்டினார். 1995-இல் அரிசியோடு கட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்த உறுதி. எல்லை சொல்லும் இடத்தில், வடக்கே இன்ன ஆங்கிலப் பெயர் எனப்படும் இன்ன தமிழ்ப் பெயருடைய வைத்தியர் காணி என்றிருந்தது. உறுதி எழுதிய நொத்தாரிசு காணியின் எல்லையைத்தான் குறித்தார். மூதாட்டியாரின் சம்மதத்தோடு அந்த வரியைப் பென்சிலால் எழுதி, அவர் பெயரையும் நாளையும் கீழே குறித்து, உறுதியை அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தேன்.